ஆட்டம் ஓய்ந்த பின்

பந்தும் மட்டையுமாகத் திரியும் பிள்ளையைக் கண்டால், "இது நாளைக்குச் சோறு போடுமா?" என்று வினவுவது நம் அமிர்தகழி வீடுகளிலும் வழக்கம். வினா நியாயமானதே. விளையாட்டு வீரனின் தொழில் விரைவில் ஓய்ந்துவிடும். எஞ்சிய வாழ்நாளோ நீண்டது.

ரசல் ஆர்னோல்டின் வரலாற்றை நோக்குவோம். கொழும்பில் 1973ஆம் ஆண்டு பிறந்த இத்தமிழர், 1997 முதல் 2007 வரை இலங்கைக்காக 44 டெஸ்ட் பந்தயங்களிலும் 180 ஒருநாள் பந்தயங்களிலும் ஆடினார். ஜயசூரியாவைப் போலவோ முரளிதரனைப் போலவோ பெரும்புகழ் எய்தியவரல்லர். ஒருநாள் கிரிக்கெட்டில் பிற்காலத்தே நடுவரிசையில் இறங்கி, முன்னவர் விட்டுச்சென்ற நெருக்கடியைச் சுமப்பதே அவர் பணியாயிற்று. 2007 உலகக் கிண்ண இறுதியாட்டத்தோடு விடைபெற்றபோது அவருக்கு வயது 33.

அதன்பின் அவர் நேர்முக வருணனையாளரானார். பல நாட்டு மைதானங்களிலிருந்து அவர் குரல் ஒலித்தது. நடுவரிசை வீரன் தன் முறை வரும்வரை ஆட்டத்தின் போக்கை உற்றுநோக்கிக் காத்திருப்பவன். அப்பழக்கமே ஒலிவாங்கியின் முன் அவருக்கு முதலாயிற்று எனலாம்.

எல்லா வீரருக்கும் அவ்விடம் கிட்டாது. எனினும் கண்டதை ஆராய்ந்து தெளிவாக உரைக்கும் ஆற்றல் எத்தொழிலுக்கும் உதவும். ஆகவே பெற்றோர்களே, பிள்ளையின் பந்தைப் பறிக்க வேண்டாம். அன்றைய ஆட்டம் ஏன் வென்றது, ஏன் தோற்றது என்பதை இராச் சாப்பாட்டின்போது அவன் வாயாலேயே சொல்லச் செய்து கேளுங்கள். படிப்பும் பேச்சும் அங்கிருந்தே வளரும்.