பாவாடைக்குள் ஒரு காற்சட்டை



இம்மாதம் எழுதப்போவது உள்ளே அணியும் ஓர் உடுப்பைப் பற்றி. தலைப்பைப் பார்த்ததும் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். தொடை உரசிப் புண்ணாகி அகட்டி அகட்டி நடந்தவர்கள் புரட்டமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்குக் குறைவே இல்லை. நனைந்த பாவாடையுடன், மேலே படங்கையும் கட்டிக்கொண்டு, மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தால் மத்தியானத்துக்குள் உள்தொடை எரியத் தொடங்கிவிடும். நானும் பல வருடங்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே காலத்தை ஓட்டினேன். இதையெல்லாம் ஒரு வருத்தம் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை.

சென்ற வருடம் என் அண்ணன் மகள் பாடசாலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நன்றாக ஓடுகிற பிள்ளை. காரணம் கேட்டால் வயிற்றுவலி என்றாள். ஒருநாள் இரவு என் பக்கத்தில் படுத்திருக்கும்போதுதான் உண்மை வந்தது. "அத்தை, பாவாடை பறக்குது. அந்த நாள்ல பின்னாடியே பார்த்துக்கிட்டு ஓட வேண்டியிருக்கு." பின்னால் பார்த்துக்கொண்டு ஓடுகிறவள் எப்படி முந்துவாள்?

கேகாலை மாவட்டத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் பதக்கம் வென்றவர். அவர் பிறந்த மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்தில் ஒரு பிள்ளை உள்ளாடைக் கவலையால் ஓட்டத்தை விடுவதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் இந்தப் பயம் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமானதல்ல. உடல் முழுக்க வெள்ளை உடுப்பே அணிய வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில்கூட, மாதவிடாய்க் கவலையை முன்னிட்டு, 2023 முதல்தான் பெண்கள் பாவாடைக்குள் கருநிறக் காற்சட்டை அணிய அனுமதி கிடைத்தது. அதே வருடம் இங்கிலாந்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணியும் வெள்ளைக் காற்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது.

ஆகவே சந்தைக்குப் போனேன். உடலை ஒட்டிப் பிடிக்கும் இந்தக் காற்சட்டையைக் கடையில் 'கம்ப்ரெஷன் சோர்ட்ஸ்' என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது 'டைட்ஸ்'. 'எம்' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். பிள்ளை ஓடியபோது அது சுருண்டு சுருண்டு மேலே ஏறிவிட்டது. காசும் வீண், அவள் முகமும் வாடிப்போயிற்று.

அவிசாவளைப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பக்கத்து லயத்துப் பெண்தான் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தாள். ஒரு கம்பனியின் 'எம்' இன்னொரு கம்பனியின் 'எல்' ஆக இருக்கும், எழுத்தைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள் என்றாள். இடுப்பு, பின்பக்கம் மிக அகலமான இடம், தொடையின் பருத்த இடம் இம்மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போகவேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால், நாள் முழுக்க அணிவதற்குப் பெரியதே நல்லது. கால் நீளம் தொடைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைத் தாண்டி இறங்க வேண்டும். எங்களுடையது சுருண்டதற்கு அதன் கட்டைக் கால்தான் காரணம்.

துணியை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். விட்டதும் பழைய நிலைக்கு வரவேண்டும். இழுத்த துணிக்குள் உங்கள் விரல் தெரிந்தால் குனியும்போது உடம்பும் தெரியும். தையல் தடித்து நிற்காமல் தட்டையாக இருக்கவேண்டும். கவட்டில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் கூடாமல், தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பது மேல். ஓட்டத்துக்கும் மழையில் மலை வேலைக்கும் ஸ்பான்டெக்ஸ் கலந்த நைலோன் அல்லது பொலியெஸ்டர் நல்லது, சீக்கிரம் காயும். வீட்டில் அணிவதற்குப் பருத்தி கூடியது போதும். (இழுபடும் அந்த நூல் எங்கள் ரப்பர் பாலில் இருந்து வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். 1958இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த செயற்கை நூல் அது.)

போட்டுப் பார்க்க வசதி இருந்தால் குந்தி எழும்புங்கள். இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் மரத்தாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ அங்கே நரம்பு நசுங்குகிறது, உடனே கழற்றிவிடுங்கள். இறுக்கிப் போட்டால் உடம்பு மெலியும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். மெலியாது, உள்ளே அமுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இங்கே என் சித்தி மகளைச் சொல்லாமல் விட முடியாது. 1977 கலவரத்தோடு அவர்கள் குடும்பம் இங்கிருந்து வன்னிக்குப் போனது. 2009இல் அவள் தொடையில் செல் துண்டு பாய்ந்தது. வந்திருந்தபோது அவளும் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். தையல் சரியாகத் தழும்பின்மேல் விழுந்து, இரண்டு மணித்தியாலத்தில் தோல் சிவந்துவிட்டது. பிறகு கால் நீளமான ஒன்றை வாங்கி, தையல் தழும்புக்குக் கீழே வரும்படி அணிந்தாள். உங்களில் காயத்தழும்பு உள்ளவர்கள் முதலில் அரை மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றித் தோலைப் பாருங்கள். முழங்காலுக்கு மேலே செயற்கைக் கால் பொருத்தியவர்கள் அதைப் பொருத்தித் தந்த நிலையத்தில் கேட்காமல் அணியவேண்டாம். பொருத்தும் கிண்ணத்துக்குள் துணி மடிந்தால் புண் வரும். காலில் நரம்பு சுருண்டு புடைத்தவர்களுக்கும் இது மருந்தல்ல. அதற்குக் கணுக்காலில் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும் காலுறை தனியாக உண்டு, வைத்தியர் சொல்லித்தான் அணிய வேண்டும்.

வேலை முடிந்ததும் ஈரத்தோடு இருக்காமல் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று காயும்போது மற்றது. பச்சைத் தண்ணீரில் கழுவி, முறுக்காமல் பிழிந்து, காற்றோட்டமான நிழலில் போடுங்கள். வெளுக்கும் மருந்து பட்டால் இழுவை போய்விடும். சேலைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தால் சரியாகக் காயாது, வாடையும் வரும்.

அண்ணன் மகள் மீண்டும் ஓடுகிறாள். அவளுடைய கறுப்புக் காற்சட்டை லயத்து வாசல் கொடியில் காய்கிறது. முதல் வாரம் அண்ணி அதன்மேல் துவாயைப் போட்டு மூடினார். இப்போது மூடுவதில்லை.