குமட்டலுக்கு ஒமெப்ரசோல் மட்டுமா?



மாதக்கணக்கில் வயிற்றைப் பிரட்டினால் கொழும்பில் என்ன செய்கிறோம்? வெள்ளவத்தை பார்மசி ஒன்றில் டொம்பெரிடோன் வாங்குவோம். தீராவிட்டால் டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணுவோம். மணிக்கணக்கில் காத்திருந்து ஐந்து நிமிடம் கதைத்தால், 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று ஒமெப்ரசோல் கிடைக்கும். எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றுமில்லையா? "யோசிக்காதீங்கோ அம்மா" என்பதோடு கதை முடிந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்காவுக்கு நடந்தது இதுதான்.

எண்டோஸ்கோப்பி புண்ணையும் கட்டியையும் காட்டும். இரைப்பை உணவைக் கீழே தள்ளும் வேகத்தைக் காட்டாது. நீண்டகால நீரிழிவுக்காரர் சிலருக்குக் கோளாறே அங்குதான். சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, நான்கு மணித்தியாலம் வரை படமெடுத்து அதைக் கண்டுபிடிக்கலாம். அவ்வளவு தூரம் போகாமலே பிடிபடும் காரணங்களும் உண்டு. சீனி வருத்தத்துக்குப் போடும் மெட்ஃபோர்மினே குமட்டும். ஒற்றைத் தலைவலியும் இரத்தத்தில் கல்சியம் கூடுவதும் குமட்டும். மருந்துதான் காரணமா என்று பார்க்க, வீட்டிலுள்ள குளிசைகள் அத்தனையையும், ஆயுர்வேத மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு டொக்டரின் மேசையில் வையுங்கள்.

டொம்பெரிடோனை மிட்டாய்போல விழுங்குவது நல்லதல்ல. இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும் என்பதால், வழமையாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாமென 2014இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் அறிவுறுத்தியது. நிறை குறைந்தாலோ, சத்தியில் இரத்தம் வந்தாலோ, மலம் கறுத்தாலோ பார்மசிப் பக்கமே போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

டொக்டர்மாரிடம் ஒரு கோரிக்கை. துண்டில் மருந்தோடு, என்ன வருத்தமென்று சந்தேகிக்கிறீர்கள், எதை இல்லையென்று தள்ளிவிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அப்போது அடுத்த டொக்டர் அதே ஒமெப்ரசோலில் மறுபடி தொடங்கமாட்டார்.

வாசகி,
வெள்ளவத்தை.