தவணை சொல்லியே தப்பும் கார் வியாபாரிகள்

1907இல் மக்லோக்லின் கார் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு ஒஷாவா மோட்டார் நகரமாகப் பெயர் பெற்றது. அந்நகரிலேயே பழுதான பழைய காரை வாங்கிவிட்டு வாய்மூடி இருக்கின்றனர் எம்மவர் பலர்.

‘கையொப்பமிட்டபின் எமக்குப் பொறுப்பில்லை’ என்று வியாபாரி கூறுவது அப்பட்டமான பொய். 2010 முதல் நடைமுறையிலுள்ள ஒன்ராறியோ வாகன விற்பனையாளர் சட்டத்தின்படி, கார் முன்னர் ரக்ஸியாக ஓடியதையோ, சிதைந்து மீளக் கட்டப்பட்டதையோ, உண்மையான ஓட்டத் தூரத்தையோ மறைத்திருந்தால், அதைப் பெற்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். சூழ்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. ‘அடுத்த கிழமை வாருங்கோ தம்பி, பார்த்துச் செய்வம்’ என்ற இனிய சொல்லிலேயே அந்த 90 நாட்களும் கரைந்துபோகின்றன. ஊரவர் என்று நம்பியவரின் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருப்பதில்லை. முறைப்பாட்டை முதல் நாளே எழுத்தில் கொடுப்பது உறவை முறிப்பதாகாது.

பொய்யுரைத்து விற்றிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. வியாபாரிகளுக்கு உரிமம் வழங்கும் ஓம்விக் சபையிடம் முறையிடலாம். பொண்ட் வீதி நீதிமன்றில், 2025 ஒக்டோபர் முதல், 50,000 டொலர் வரையான சிறு கோரிக்கை வழக்கைச் சட்டத்தரணி இன்றியே தொடுக்கலாம். தீர்ப்பின் பின்னரும் வியாபாரி பணம் தர மறுத்தால் இழப்பீட்டு நிதியை நாடலாம். அதன் உச்சவரம்பு 45,000 டொலர். உரிமமின்றி வீட்டு வாசலில் விற்பவரிடம் வாங்கியவருக்கு அந்நிதியில் ஒரு சதமும் இல்லை.

சட்டமும் குற்றமற்றதன்று. உடற்பயிற்சிக்கூட உறுப்புரிமையைக் கைவிட 10 நாள் அவகாசம் தரும் ஒன்ராறியோ, வியாபாரியிடம் வாங்கிய காருக்கு ஒரு நாளேனும் தருவதில்லை.