பட்டாணி அளவு போதும் மாப்பிள்ளை!

ஆபீஸ் நண்பனுக்குக் கீழக்கரையில் நிக்காஹ். தொதல் சாப்பிடலாம், கடற்கரையில் காற்று வாங்கலாம் என்று மூன்று நாள் முன்னதாகவே போய் இறங்கினேன். வாசலில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் திக்கென்றது. முகம், அவித்த நண்டு கலரில் இருந்தது!

"என்னடா மச்சான் இது?"

"மெதுவாப் பேசு, உம்மா காதுல விழுந்துடப் போகுது. பருவுக்கும் வெயில் கறுப்புக்கும்னு ஒரு ட்யூப் வாங்கினேன். முதல் வாரம் அப்படியே பளபளன்னு ஆயிடுச்சு. ரெண்டு மாசமாப் போடறேன். இப்ப போட்டாலும் எரியுது, போடலைன்னாலும் எரியுது..."

சீட்டு? அதெல்லாம் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் "அந்த ட்யூப் ஒண்ணு" என்று கேட்டானாம். கொடுத்துவிட்டார்களாம்.

ஆசாமியை ராமநாதபுரம் பஸ்ஸில் தள்ளிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். அவர் ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல ஒண்ணு இல்லை, மூணு மருந்து இருக்கு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு. உங்க முதல் வாரப் பளபளப்பு ஸ்டீராய்டு காட்டின வித்தை. நாளாக ஆகத் தோலை மெலிசாக்கும், ரத்தக் குழாய் தெரியும், புதுசாப் பருவும் வரும்."

இந்த மூவர் கூட்டணிக்கு 1975-லேயே வழி காட்டியவர்கள் க்ளிக்மன், வில்லிஸ் என்ற அமெரிக்க டாக்டர்கள். மங்குக்காக, டாக்டர் கண்பார்வையில், கொஞ்ச நாள் மட்டும் போடவேண்டியது. நம் நாட்டில் அதையே சிவப்பழகு க்ரீம் ஆக்கிவிட்டோம்! தோல் டாக்டர்கள் கத்திக் கத்தி, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் சேர்த்தது. அதாவது, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. நம்மவர்கள்தான் சீட்டைவிட 'அண்ணே'யை அதிகம் நம்புகிறவர்களாயிற்றே!

வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றில் ட்ரெட்டினாயின் தனியாக வந்தால் நல்ல பிள்ளை. வைட்டமின் ஏ-யின் சொந்தக்காரர். அமெரிக்காவில் 1971-லிருந்து பருவுக்கு அனுமதி பெற்றவர். தோல் துவாரம் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார். வெயிலில் வாடிய தோலையும் மெல்ல மெல்லச் சீர்படுத்துவார். இவருடைய தம்பி அடாபலின், கொஞ்சம் சாது. ஆனால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே அவசரக்காரர்களைப் பிடிக்காது.

"ஸ்டீராய்டை ஒரேயடியா நிறுத்தினா முகம் இன்னும் பொங்கும். நான் எழுதற மாதிரி குறைச்சுக்கிட்டே வாங்க. தோல் தேறினப்புறம் ட்ரெட்டினாயின் மட்டும் தர்றேன். அதை எப்படிப் போடுவீங்க?" என்றார் டாக்டர்.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நல்லாத் தாராளமா..."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி மட்டும். முகம் கழுவி, இருபது நிமிஷம் நன்றாகக் காயவிட்டு, முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது தப்பு. கண்ணோரம், மூக்கோரம், வாயோரம் வேண்டாம். முதலில் வாரம் இரண்டு மூன்று ராத்திரி. தோல் பழகினால் கூட்டலாம். மேலே மாய்ச்சரைசர். எரிந்தால் இரண்டு நாள் லீவு. எலுமிச்சம்பழம், ஸ்க்ரப் எல்லாவற்றுக்கும் நிரந்தர லீவு.

காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன் கட்டாயம். வெளியே சுற்றினால் இரண்டு மணிக்கொரு தரம். கடற்கரை ஊரில் வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், மணலில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். பஸ்ஸில் கண்ணாடி ஜன்னலோர சீட்காரர்களும் தப்ப முடியாது.

முதல் சில வாரம் பரு கூடினாற்போல் தெரியும். பயந்து விட்டுவிடக்கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம். வெயில் கறுப்புக்கு அதைவிட அதிகம். ஒரே வாரத்தில் முகம் ஜொலித்தால் சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்!

கிளம்பும்போது டாக்டர் கேட்டார்: "கல்யாணம் எப்ப?"

"நாளை மறுநாள் டாக்டர்."

"அப்ப முக்கியமா ஒண்ணு. நான் தரப்போற ட்யூப் உங்களுக்கு மட்டும். 'நீயும் போட்டுக்கோ'ன்னு பொண்டாட்டிகிட்ட நீட்டிடாதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க, அதுக்குத் தயாராகிறவங்க இதைப் போடக்கூடாது."

மாப்பிள்ளையின் முகம் இன்னும் சிவந்தது. இந்தத் தடவை க்ரீம் காரணமில்லை.

இப்போது பட்டாணி அளவுக்காரனாகிவிட்டான். முகமும் தேறிவிட்டது. கல்யாண ஆல்பம் பார்க்கிறவர்கள் மட்டும், "பொண்ணைவிட மாப்பிள்ளைக்குத்தான் வெட்கம் ஜாஸ்தி போல!" என்கிறார்கள்.

உண்மை தெரிந்த நான் வாயே திறப்பதில்லை. மாசா மாசம் கீழக்கரையிலிருந்து எனக்குத் தொதல் வருகிறதே!