பேசாத படம் பேசிய பகை

தம்பி!

தரங்கம்பாடிக் கடற்கரையிலே நின்றிருக்கிறாயா? 1620-ல் டேனிஷ்காரன் எழுப்பிய கோட்டை, அலைகளின் அறைகளை வாங்கிக்கொண்டு இன்றும் நிற்கிறது. அந்தக் கரையிலேதான் 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் இளைஞன் வந்திறங்கினான். தமிழ் கற்றான். அச்சுக்கூடம் கண்டான். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே அச்சிட்டு முடித்தான். அவன் பரப்ப வந்த மதத்திலே நமக்கு நாட்டமில்லை. ஆனால் நம் எழுத்தை ஈயத்திலே வார்த்தவனை நன்றியோடு நினைக்காதிருக்க முடியுமோ!

ஊமைப் படங்களைப்பற்றி எழுத உட்கார்ந்தவன் தரங்கம்பாடிக்கு ஏன் போனான் என்கிறாயா? கேள்.

1916-ல் அமெரிக்காவிலே தாமஸ் இன்ஸ் 'சிவிலிசேஷன்' என்றொரு படம் எடுத்தார். போரே கொடுமை என்றது அந்தப் படம். பயணிகள் கப்பலை மூழ்கடிக்க மறுக்கும் நீர்மூழ்கித் தளபதி அதிலே வருகிறான். நாட்டைப் போரில் சிக்காமல் காத்தவர் என்ற முழக்கத்தோடு உட்ரோ வில்சன் அதே ஆண்டு தேர்தலில் வென்றார். 1917 ஏப்ரலில் அதே வில்சனின் அமெரிக்கா போரிலே குதித்தது! ஜார்ஜ் கிரீல் தலைமையிலே அரசு விளம்பரக் குழு முளைத்தது. 1918-ல் திரையிலே வந்தவன் யார்? 'பெர்லின் மிருகம்' கெய்சர்! 'தி ஹார்ட் ஆஃப் ஹ்யூமானிட்டி' என்ற படத்திலே ஜெர்மன் அதிகாரி, அழுகிற குழந்தையைச் சன்னல் வழியே வீசியெறிகிறான். அப்படி நடித்த எரிக் வான் ஸ்ட்ரோஹைம் வியன்னாவிலே பிறந்தவர் என்பதையும் குறித்துக்கொள்.

நானும் நாடகம் எழுதுகிறவன். வில்லனுக்கு ஒரு தழும்பு, ஒரு கோணல் சிரிப்பு, கையிலே ஒரு குழந்தை கொடுத்தால் போதும். கொட்டகையே பல்லைக் கடிக்கும். எளிய வித்தை அது. எளியது என்பதாலேயே அஞ்சுகிறேன்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்தது. 'எம்டன்' நம் பேச்சிலே பட்டப்பெயராகிவிட்டது. தரங்கம்பாடியிலே தொண்டாற்றிய லைப்சிக் மிஷன் ஜெர்மானியர்கள் 'எதிரி நாட்டார்' ஆயினர், நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். பள்ளிக்கூடத்திலே பாடம் சொன்னவனுக்கும் பீரங்கி சுட்டவனுக்கும் ஒரே பெயர்! வெள்ளை அரசுக்கு வேறுபாடு காண நேரமில்லை.

தமிழ்த் திரை மட்டும் தப்பிற்றா? இரண்டாம் உலகப் போரிலே கச்சாப் பிலிமுக்குக் கட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் கூடாதென்று ஆணை. போர் ஆதரவுப் படம் எடுக்கும்படி நெருக்கடி. விளைவு, 1945-ல் 'மானசம்ரக்ஷணம்', 'பர்மா ராணி', 'கண்ணம்மா என் காதலி'. எடுத்தவர்கள் கே. சுப்பிரமணியம், டி.ஆர். சுந்தரம், கொத்தமங்கலம் சுப்பு, கலை தெரியாதவர்களல்லர். பிலிம் பெட்டியின் சாவி வேறொருவன் இடுப்பிலே இருந்தது!

மேடையாலும் திரையாலும் வளர்ந்த இயக்கம் நமது. அந்தக் கருவியின் கூர்மை நமக்குத் தெரியும். ஆகவே, கைப்பேசியிலே ஒருவனை அரக்கனாக்கி ஒரு படத்துண்டு வந்தால், அதைப் பத்துப் பேருக்கு அனுப்புமுன், சாவி யார் இடுப்பிலே என்று கேள். நம் பக்கம் பேசும் துண்டானாலும் கேள், தம்பி! எனக்கே இது கசக்கிறது, ஆயினும் சொல்கிறேன்.

அமெரிக்கன் பிறகு வெட்கப்பட்டான் என்பதையும் மறைக்கமாட்டேன். 1925-ல் கிங் விடோர் எடுத்த 'தி பிக் பரேட்' படத்திலே, நாயகன் ஒரு ஜெர்மன் வீரனைத் துரத்திக் குண்டுக்குழியிலே பிடிக்கிறான். கத்தியை ஓங்குகிறான். குத்த முடியவில்லை. சாகக் கிடக்கும் அந்த முகத்தைப் பார்க்கிறான்; அவன் உதட்டிலே ஒரு சிகரெட்டை வைக்கிறான். வசனமே வேண்டாத காட்சி. தழும்புமில்லை, கோணல் சிரிப்புமில்லை. இருபது வயதுப் பிள்ளையின் முகம்.