அரியமானுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

சின்னாளப்பட்டிக்குக் கடல் கிடையாது. காற்று வாங்கக் கிழக்கே சிறுமலை இருக்கிறது, தண்ணீர் பார்க்க மேற்கே ஆத்தூர் காமராசர் அணை இருக்கிறது. அலை பார்க்க வேண்டுமானால் மதுரை, மானாமதுரை, பரமக்குடி எல்லாம் தாண்டி இராமநாதபுரம் சீமைக்குத்தான் போக வேண்டும். வண்டி நிற்காமல் ஓடினாலும் அரை நாள் போய்விடும். ஆனாலும் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் சுங்குடிச் சேலைக் கடைக்காரர் முதல் தறி ஓட்டுகிறவர் வரை தெருவுக்கு ஒரு வேன் பேசிக் கிளம்பிவிடுகிறார்கள். இராமேஸ்வரம் அக்கினி தீர்த்தத்தில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், அப்படியே தனுஷ்கோடி முனை. திரும்பும் வழியில் பிள்ளைகள் இன்னொரு தரம் கடலில் இறங்க வேண்டுமென்று அடம்பிடிக்க, உச்சிப்புளிப் பக்கம் வேன் பிரதான சாலையை விட்டு வலப்பக்கம் திரும்புகிறது. அங்கே இருக்கிறது அரியமான் கடற்கரை.

சவுக்குத் தோப்பு, நீண்ட மணல், ஆழமில்லாத கடல். இராமேஸ்வரத்தின் நெரிசலில் பாதிகூட இருக்காது. கட்டுச்சோற்றை அவிழ்க்க நிழல் உண்டு. குழந்தைகளை இறக்கிவிட்டுப் பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டவர்கள் ஊருக்குத் திரும்பியதும் சொல்லும் முதல் வாக்கியம்: “ஆளே இல்லாத பீச்சு!”

அந்த வாக்கியத்தில்தான் சிக்கல். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் 608 மீனவ கிராமங்கள் இருப்பதாக மீன்வளத்துறை சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு ஊர் வந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு வெறிச்சென்று கிடக்கும் கரை, விடியற்காலையில் அப்படி இருப்பதில்லை. வேன் போய்ச் சேரும் நேரத்துக்குள் அந்த ஊரின் ஒரு வேலைநாள் முடிந்துவிட்டது என்பதுதான் விஷயம்.

கரைவலை இழுப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்த்தவர்கள் அந்த மணலைக் காலியிடம் என்று சொல்ல மாட்டார்கள். வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். வலையின் இரு கயிறுகளும் கரையில் இருக்கும். கயிற்றுக்கு ஒரு வரிசையாக ஆட்கள் நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, முதுகைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னால் ஓடிவந்து மறுபடி பிடிப்பார். இரண்டு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். வெகுநேரம் ஆகும். ஆளோடு ஆள் பேச்சு, அதட்டல், கிண்டல் எல்லாம் உண்டு. கடைசியாக வலையின் மடி கரைக்கு வரும்போதுதான் அன்றைய பாடு என்னவென்று தெரியும். நெத்திலி, காரல், சூடை, கூடவே நாலு கணவாய், இரண்டு நண்டு. சில நாள் வெறும் பாசியும் சொறியும்தான் வரும். கிடைத்ததை அங்கேயே மணலில் கொட்டிப் பிரித்து, அங்கேயே ஏலம் விட்டு, பங்கு பிரித்துவிடுவார்கள். காலையிலேயே போய்ச் சேரும் நமது வேன்காரர்கள் வந்து நிற்பது மடி கரையேறும் அந்தக் கணத்தில். கயிற்றை மிதித்துக்கொண்டு, இழுப்பவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிக்கொண்டு.

சின்னாளப்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியூர்க்காரன் ஒருவன் சைக்கிளோடு குறுக்கே வந்தால் என்ன நடக்கும் என்று கைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரு பொதுவழிதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பாவு கிடக்கும் நேரத்தில் அது வேலை செய்யும் இடம். காயப்போட்ட வலையும் அப்படித்தான் மணலில் கிடக்கிறது.

கடலைப் பற்றிய அறியாமை இதைவிட ஆபத்தானது. இராமநாதபுரம் கரைக்காரர்களுக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. மண்டபம், பாம்பன் பக்கம் பாக் நீரிணையை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தைப் பெண் கடல் என்றும் மறு பக்கத்தை ஆண் கடல் என்றும் காட்டுவார்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போல அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை கிளம்பினால் கதை தலைகீழ். அரியமான் வடகடல் கரையில் இருக்கிறது. கோடையில் அங்கே காலை நனைத்துப் பழகிய ஒருவர், அதே நினைப்பில் கார்த்திகை மாதம் போய் இறங்குவது புத்திசாலித்தனமல்ல. கோடையிலேயேகூட, காலையில் அரியமானில் விளையாடிவிட்டு மாலையில் தனுஷ்கோடியின் தென்பக்கம் அதே துணிச்சலோடு இறங்கினால் அகப்படுவது வேறு கடல்.

திண்டுக்கல் பக்கத்து இளைஞர்கள் நீச்சல் தெரியாதவர்கள் அல்லர். கிணற்றில் பல்டி அடித்து வளர்ந்தவர்கள்தான். அந்தத் தைரியம்தான் வினை. கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுத்துக்கொண்டு போகாது. கடலில் கரையேறிய அலை திரும்பும்போது, சில இடங்களில் ஒரு வாய்க்கால்போலச் சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். அதில் சிக்கியவர் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுத்தான் களைத்துப் போகிறார். பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் “அண்ணே, இங்கிட்டு இறங்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். “அந்தக் கம்புக்கு அங்கிட்டுப் போகாதீங்க” என்று காசு வாங்காமல் சொல்வார். எச்சரிக்கைப் பலகை எல்லா நாளும் ஒரே வாசகத்தைத்தான் சொல்லும். அவர் அன்றன்றைய கடலைச் சொல்வார்.

மீன் விலையிலும் ஒரு மனத்தாங்கல் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நமது கோடை விடுமுறையும் அப்போதுதான். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் சரக்கு என்பதால் விலை ஏறியிருக்கும். இது தெரியாமல் “திண்டுக்கல்லில் இதைவிடக் கம்மி” என்று கூடைக்காரம்மாவிடம் மல்லுக்கட்டுவது நியாயமில்லை. ஐஸில் நாள்கணக்கில் கிடந்த மீனுக்கும் காலையில் பிடித்த நகரைக்கும் ஒரே விலையா?

இனி அரசு. கடற்கரைகளை மேம்படுத்துவது என்றாலே இப்போது நீலக்கொடிதான் பேச்சு. 1985-ல் பிரான்சில் தொடங்கி, டென்மார்க்கிலிருந்து நிர்வகிக்கப்படும் சான்றிதழ் இது. தண்ணீர்த் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர், குப்பை மேலாண்மை என 33 நிபந்தனைகள். சென்னைக்குத் தெற்கே கோவளம் 2021-ல் இதைப் பெற்றது. அடுத்து முயலும் கடற்கரைகளின் பட்டியலில் கடலூர் சில்வர் பீச், நாகை மாவட்டத்துக் காமேஸ்வரம் ஆகியவற்றோடு அரியமானும் இடம்பெற்றது.

கழிப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்கு மணி நேரம் வேனில் வந்து இறங்கும் பெண்களுக்கு அதுதான் முதல் தேவை. உடை மாற்ற நாலு சுவர், குடிதண்ணீர், ஒரு முதலுதவிப் பெட்டி, மிதவையோடு இரண்டு உயிர்காப்பாளர்கள் எல்லாம் வரட்டும். ஆனால் இந்தத் திட்டங்கள் அதோடு நிற்பதில்லை. மூங்கில் குடை, சாய்வு நாற்காலி, செல்பி மேடை, கடைசியில் ஒரு வேலி. வேலி வந்த பிறகு, “இங்கே வலை காயப்போடக் கூடாது” என்று யாராவது சீருடையில் வந்து சொல்வார். இது கற்பனைப் பயம் என்று தள்ளிவிட முடியாது. சென்னையில் நொச்சிக்குப்பத்தின் ஊடாக லூப் சாலை போட்டார்கள். பிறகு அந்தச் சாலையோர மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2023-ல் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மணலில் சாலைக்கு முன்பிருந்தே மீன் விற்றவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். 2024-ல் அவர்களுக்கென அங்காடி கட்டித் திறக்கப்பட்டது, சரி. யார் முதலில் அங்கே இருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சட்டமும் இந்த விஷயத்தில் இறுக்கமாக இல்லை. 1991-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்றது. 2019-ன் புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு அதை 50 மீட்டராகச் சுருக்கியது. அந்தத் தடைப் பகுதிக்குள்ளேயே, அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளித் தற்காலிகச் சுற்றுலாக் குடில்கள் போடவும் வழிவிட்டது. 2023-ல் கடலோர வரைபடங்களின் வரைவு கருத்துக்கு வந்தபோது, படகு நிறுத்தும் இடமும் வலை உலர்த்தும் இடமும் ஒழுங்காகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. வரைபடத்தில் இல்லாத இடத்தைக் காலியிடம் என்று எழுதிவிடுவது அதிகாரிகளுக்கு எவ்வளவு சுலபம்!

இந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்ட ஊர்களைப் பார்க்க வேண்டுமானால் கரீபியன் தீவுகளைப் பார்க்கலாம். கரீபியன் என்றால் நமக்குக் கிரிக்கெட் வீரர்கள் லாராவும் கெய்லும்தான். அந்தத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில், ஆங்கிலேயர் காலத்தில் 1956-ல் கொண்டுவந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையை அரசுடைமை ஆக்கியது. கடலில் குளிக்கப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. உரிமம் பெற்ற விடுதிகள் மணலை வளைத்துக்கொண்டன. பிறந்து வளர்ந்த ஊரின் கடலில் இறங்க வழியில்லாமல் போனவர்கள், ‘பிறப்புரிமை’ என்ற சொல்லையே அமைப்பின் பெயரில் வைத்துக்கொண்டு இன்றைக்கு நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். அதே கரீபியனில் டொபாகோ தீவின் கஸ்டாரா வேறு மாதிரி. சின்ன மீனவ ஊர். நம் கரைவலையைப் போலவே அவர்களும் கரையில் நின்று வலை இழுக்கிறார்கள். பயணிகளும் விருப்பமிருந்தால் கயிற்றில் கை வைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சிறிய தங்குமிடங்கள்தான் அங்கே பெயர் பெற்றவை. வலை அங்கே வேலி போட்டு வெளியேற்றப்படவில்லை. பயணி பார்க்க வருவதே அதைத்தான்.

கஸ்டாரா வரைக்கும் போக வேண்டாம். தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காடு சூழ்ந்த மீனவ கிராமம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். ஊர்ப் படகில், ஊர்க்காரரே ஓட்ட, காட்டுக்குள் போய் வரலாம். சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைத்தது; நண்டு, மீன் எல்லாம் அந்தக் கரையில் கிடைத்தது. வருமானம் ஊருக்குள் சுற்றுகிறது. வழிகாட்டுகிறவருக்குத் தண்ணீரின் ஏற்ற இறக்கம் தெரியும். காட்டுக்குள் பிளாஸ்டிக் போட்டால் அதட்டுவார், ஏனென்றால் நாளைக்கு நண்டு பிடிக்கப் போகிறவர் அவரே. குறைகள் இல்லாமல் இருக்காது. இருந்தாலும் சுற்றுலாத் துறை பார்த்து எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் நீலக்கொடி தரும் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருப்பதைவிட அதிகமாகக் காரங்காட்டில்தான் இருக்கிறது.

அரியமானிலும் அதைத்தான் செய்ய வேண்டும். உயிர்காப்பாளர் வேலைக்கு வெளியூர் நிறுவனத்தின் ஒப்பந்த ஆட்கள் வேண்டாம். அந்தக் கரையில் வளர்ந்த இளைஞர்களுக்கே பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுக்கலாம். சவுக்குத் தோப்பில் கடை போடுகிற உரிமை முதலில் ஊர் மகளிர் குழுக்களுக்குப் போக வேண்டும். படகும் வலையும் கிடக்கும் இடத்தை அளந்து, கட்டுமானம் எதுவும் வராதபடி ஊராட்சி ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். வேலி போடுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும், பிறகு அல்ல.

பணத்துக்கு வழியும் கைவசம் இருக்கிறது. பல சுற்றுலா இடங்களில் வாகன நிறுத்தக் கட்டணத்தை ஏலம் எடுப்பவர் ஒருவர், ரசீது கிழிப்பவர் இன்னொருவர், குப்பை அள்ளுபவர் யாரென்றே தெரியாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வந்து போகும் வேன்களிடம் வாங்கிய தொகை எவ்வளவு, அதில் கழிப்பறைப் பராமரிப்புக்கும் துப்புரவுப் பணியாளர் கூலிக்கும் எவ்வளவு போனது என்பதை ஆகஸ்ட் 15 கிராமசபையில் வாசித்து, கரையிலும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். அப்படி எழுதி வைத்தால், சின்னாளப்பட்டி வேனுக்கு இன்னும் ஐம்பது ரூபாய் கூட்டி வாங்கினாலும் யாரும் முணுமுணுக்கப் போவதில்லை.