ஒரு எலிக்குப் போய் அழுவதா?

டொரொன்டோவில் இருக்கும் என் பெறாமகள் கடந்த மாசியில் வீடியோவில் அழைத்தபோது, நல்லூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் இருந்தோம். முகம் வீங்கியிருந்தது. "சித்தி, மிளகு போயிட்டுது" என்றாள். மிளகு அவள் வளர்த்த எலி. விறாந்தையே சிரித்தது. "சனம் செத்த ஊரில பிறந்ததுகள், ஒரு எலிக்குப் போய் அழுகுதுகள்" என்றார் ஒருவர். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு பிழை. அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கை அதைவிடப் பெரிய பிழை.

எலி என்றால் அழுக்கு, நோய் என்பார்கள். 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வளர்க்கும் எலியும் கிருமி காவலாம். கூட்டைத் துப்புரவாக வைத்து, தொட்டபின் கை கழுவத்தான் வேண்டும். ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி மாட்டின் சிறுநீரிலும் வரும், பன்றியிலும் நாயிலும் வரும். நோய்க்குப் பெயர் வைத்தபோது பழி எலியின் தலையில் மட்டும் விழுந்தது. மாட்டுக்கு நாம் பொங்கல் வைக்கிறோம்.

போன வருடம் டொரொன்டோவில் பெறாமகளோடு மூன்று மாதம் நின்றேன். யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய்க் காப்பகத்தில் விட்ட இரண்டு பெண் எலிகளை அவள் எடுத்து வந்திருந்தாள். எலி தனியே இருந்தால் ஏங்கிப்போகும் என்பதால் சோடியாகவே கொடுத்தார்களாம். முதற்கிழமை நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. ஓர் இரவு அவள் வேலையில் நிற்க, சாப்பாடு வைக்க நான்தான் போகவேண்டி வந்தது. கூட்டைத் திறந்ததும் மிளகு என் சட்டைக் கைக்குள் ஏறி, முழங்கை மடிப்பில் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பல்லை நறநறவென்று அரைத்தது. கண்கள் இரண்டும் வெளியே துருத்தித் துருத்தி உள்ளே போயின. பயந்துபோய் அவளுக்கு எடுத்தேன். "அது சந்தோசத்தில செய்யிறது சித்தி, கையை ஆட்டாமல் இருங்கோ" என்றாள். ஒரு மணி நேரம் ஆட்டாமல் இருந்தேன்.

கிச்சுக்கிச்சு மூட்டினால் எலிகள் நம் காதுக்கு எட்டாத ஒலியில் கீச்சிடுவதை யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் 1990களிலேயே பதிவுசெய்தார். 2011இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில், குழாயில் அடைபட்ட கூட்டாளியை எலிகள் கதவைத் திறந்து விடுவித்தன. பக்கத்தில் இருந்த சொக்கலேற்றையும் பல தடவை தனியே தின்று முடிக்காமல் அதற்கும் விட்டுவைத்தன. கம்போடியாவில் மகாவா என்ற ஆப்பிரிக்கப் பெரிய எலி நூறுக்கு மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிபொருட்களையும் மோப்பம் பிடித்துக் காட்டியது. 2020இல் அதற்குப் பிரித்தானிய விலங்கு நல அமைப்பொன்று தங்கப் பதக்கம் அணிவித்தது. 2022 தையில் அது இறந்தபோது அழுதவர்கள் உண்டு. முகமாலை மண்ணில் அங்குலம் அங்குலமாக வெடி தோண்டுவதைப் பார்த்த நமக்கு, அந்த அழுகை விளங்காமல் போகுமா?

ஆனால் மிளகு ஒரு வெடியையும் கண்டுபிடிக்கவில்லை. பயன்பட்ட உயிருக்குத்தான் கண்ணீர் என்றால், அது கூலிக் கணக்கு.

விறாந்தையில் கேட்ட வாதம்தான் என்னைச் சுட்டது: இவ்வளவு மனிதரைப் பறிகொடுத்த நாம் எலிக்கு அழலாமா? துக்கம் என்ன, பங்கீட்டு அட்டைச் சாமானா, எலிக்குக் கொடுத்தால் மனிதருக்குக் குறைந்துபோக? போர்க்கால இடப்பெயர்வில், 1995 ஐப்பசி 30 இரவு ஊரே எழும்பி நடந்தபோது, என் அம்மா படலையடியில் பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். மழைக்குள் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடக்கும்வரை அதன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். முன்னும் பின்னும் வந்தவர்கள் எல்லாம் வீடு விட்டவர்கள், சிலர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இழப்பு நிறைந்த அந்த இரவில் ஒரு பசுவுக்கான கண்ணீருக்கு இருந்த இடம், முப்பது வருடம் கழித்துக் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் எப்படி இல்லாமல் போனது?

எலி இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும், ஏன் வளர்ப்பான் என்றும் கேட்டார்கள். அதை அறிந்துதான் அவள் எடுத்தாள். பெண் எலிகளுக்கு அடிக்கடி வரும் மார்புக் கட்டி மிளகுக்கும் வந்தது. ஒருமுறை வெட்டினார்கள், திரும்ப வந்தது. கடைசியில் மிருக வைத்தியர் முதலில் மயக்கவாயு கொடுத்து, பிறகு ஊசி போட்டார். அதுவரை மிளகு அவளுடைய சட்டைக் கைக்குள்தான் கிடந்தது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து மற்ற எலியின் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்தாளாம். அது மணந்து பார்த்து, காதை நக்கிவிட்டு, மூலைக்குப் போய்விட்டதாம். அதற்குத் துணை தேடி வரும் சனிக்கிழமை அதே காப்பகத்துக்குப் போகிறாள். ஒருவரும் எடுக்காமல் வயதான எலி ஒன்று அங்கே இருக்கிறதாம். "கன நாள் இராது சித்தி" என்றாள். படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.